மேல்வீட்டு நாற்காலி

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன், கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, வேளாவேளைக்கு வயிற்றுக்கு ஏதாவது போய்க்கொண்டிருக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அதுவே போதும். என்னடா, இந்தக் காலத்தில் இந்த மனுஷன் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அந்த நாளின் பேச்சு வந்ததும் இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறோம். அன்றைக்கு உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கம் நடந்தது முழுசாகத் தெரியாது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இதைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹாலில் உட்கார்ந்து அழுதால் கேமராவில் தெரியும்.

உன் அம்மா போன பிறகு பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு இந்த அடுக்குமாடிக்கு வந்தேன். நீ இந்த வீட்டுக்குள் இன்னும் கால் வைத்ததில்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை, உனக்கு லீவு கிடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா. தனியா இருக்கீங்க, விழுந்து கிடந்தாகூட யாருக்கும் தெரியாது, ஹால்ல ஒரு கேமரா மாட்டினா நான் இங்கேயிருந்தே பார்த்துக்குவேன்ப்பா என்று ஒற்றைக் காலில் நின்றாய். சரி, பிள்ளை ஆசைப்படுகிறான் என்று ஒத்துக்கொண்டேன். மேல்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரரிடம் அவர் மகளும் இதையேதான் சொல்லியிருந்தாள். அவரை உனக்கு அப்போது தெரியாது. ரொம்ப காலம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், ஏறக்குறைய என் வயது, என்னைப் போலத் தனிக்கட்டை, என்னைப் போலவே மொட்டைத் தலை, என்னைப் போலவே வீட்டில் எப்போதும் வெள்ளைப் பனியன். முழங்கால் மட்டும் அவருக்குப் பகையாளி, ஊன்றுகோல் இல்லாமல் நாலு அடி வைக்க மாட்டார். மகள் உன்னைப் போலவே கண்காணாத தூரத்தில், அவளும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வைத்திருக்கிற வைஃபை என் ஹாலில்தான் இருக்கிறது, அதனால் கேமராக்காரர் இரண்டு கேமராவையும் என் மேஜையிலேயே வைத்து ஒரே மூச்சில் வேலையை முடித்துவிடலாம் என்றார். ஒன்றை உன் போனோடு சேர்த்தார், இன்னொன்றை அந்தப் பெண்ணின் போனோடு சேர்த்தார். படம் வருதா என்று கேட்டார், வருது என்று நீயும் சொன்னாய், அவளும் சொன்னாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன், தட்டு வைக்க இடம் வேண்டுமென்று கேமராக்களை ஓரமாக நகர்த்தினார், குடித்துவிட்டு ஒன்றை எடுத்து என் ஹாலில் வெளிக்கதவுக்கு எதிர்ச்சுவரில் உயரமாக மாட்டினார், மற்றதை மேலே கொண்டுபோனார்.

அதற்கப்புறம் உன்னோடு பேசுகிறபோதெல்லாம் எனக்கு ஒரு கிலி ஆரம்பித்தது, அதை உன்னிடம் சொன்னதில்லை. ஏம்ப்பா நாள் முழுக்க கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, கொஞ்சம் எழுந்து நடங்களேன் என்பாய். நான் அன்றைக்குக் காலையில் நூலகம், மதியம் காய்கறி, சாயங்காலம் பூங்கா என்று சுற்றிவிட்டு வந்திருப்பேன். சரி, பிள்ளை எப்போதோ ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள், மாத்திரை டப்பா கொட்டிடுச்சே, குனிய முடியாம பொறுக்கிட்டு இருந்தீங்களே, வலிச்சுதா என்று கேட்டாய். எந்த மாத்திரையும் கொட்டவில்லை. இல்லையேப்பா என்று நான் சொன்னதும், சரி விடுங்கப்பா என்று நீ பேச்சை மாற்றினாயே, அது எனக்குப் புரிந்தது. கிழவருக்கு மறதி வந்துவிட்டது என்று நீ நினைத்தாய். அதற்குப் பிறகு நீ எதைச் சொன்னாலும் ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா என்று ஒத்துக்கொள்ள ஆரம்பித்தேன். என்ன செய்வது, படம் பொய் சொல்லாது, நான்தான் சொல்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாமல் டாக்டரிடமும் போனேன். அவர் ஏதேதோ கேட்டார், நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார், எண்ணினேன். உங்களுக்கு ஒண்ணுமில்ல, என்னைவிட நல்லா இருக்கீங்க என்று அனுப்பிவிட்டார். அது இன்னும் பயமாகப் போய்விட்டது. எனக்கு ஒன்றுமில்லை என்றால் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார். ஒரு நாள் வெளியே போகும்போது நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அன்றைக்குப் பேசும்போது நீ, மத்தியானம் பூரா நாற்காலியிலேயே தூங்கிட்டீங்க, கழுத்து வலிக்கப் போகுது என்றாய். போனை வைத்துவிட்டு அந்த நாற்காலிக்கு முதுகைக் காட்டக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரோரமாகவே நகர்ந்து சமையலறைக்கு வந்தேன். பட்டப்பகலில், என் சொந்த வீட்டில். உன் அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள், பேய்க்கே பயப்படாத மனுஷன் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பயப்படுகிறாரே என்று.

கண்ணாடிக்கடைக்காரரை அவ்வப்போது லிப்டில் பார்ப்பேன். ஒரு தடவை அவர், பொண்ணு பார்க்கட்டும்னுதான் நடு ஹால்ல உட்கார்றேன், ஆனா கேமராவுக்கு மூஞ்சியக் காட்ட மாட்டேன், நான் அழுதா அவளுக்குத் தெரிஞ்சிடும், முதுகு தெரிஞ்சா போதும், அப்பன் இருக்கான்னு புரிஞ்சுக்குவா என்றார். இன்னொரு தடவை சிரித்துக்கொண்டே, என் பொண்ணுக்கு நான்தான் கண்ணாடி மாத்திக் கொடுக்கணும்போல, அப்பா இப்பல்லாம் ஊன்றுகோல் இல்லாம ஜம்முனு நடக்கிறீங்க, ரொம்ப சந்தோஷமா இருக்குன்னு சொல்றா என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். ஆமாம்மா, கால் தேவலைன்னு சொல்லிட்டேன், அவ சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும் என்றார். லிப்ட் என் மாடியில் நின்றது, நான் இறங்கிவிட்டேன். இரண்டு கிழவர்கள், ஒருவர் நடக்காததை நடந்ததாக ஒத்துக்கொண்டார், இன்னொருவர் உட்காராததை உட்கார்ந்ததாக ஒத்துக்கொண்டார். அன்றைக்கு நானும் என் கதையைச் சொல்லியிருந்தால் அங்கேயே விளங்கியிருக்கும். என் மானம் போய்விடும் என்று சொல்லவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ கூப்பிட்டபோது நான் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா, காலையில இருந்து ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கீங்க, படம் நின்னு போச்சான்னு தெரியல, கொஞ்சம் கையை ஆட்டுங்க என்றாய். நான் கடையில இருக்கேன்ப்பா என்றேன். அப்போ வீட்ல யாரு என்று நீ கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். கதவைத் திறந்தால் நாற்காலி காலி. திறந்த கதவிலேயே கேமராவைப் பார்த்து நின்று உன்னைக் கூப்பிட்டு, இப்ப நான் தெரியறேனா என்று கேட்டேன். இல்லப்பா, நீங்க உட்கார்ந்துதான் இருக்கீங்க என்றாய். கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். ஆடலப்பா, நீங்க அசையவே இல்ல என்று சொல்லிக்கொண்டே நீ அழ ஆரம்பித்தாய். எனக்குச் சத்தியமாக ஒரு கணம் நான்தான் செத்துப்போய்விட்டேனோ என்று தோன்றியது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அடித்துக்கொண்டிருந்தது. கதவு பக்கத்துல வேற என்ன தெரியுது என்று கேட்டேன். செருப்பு, ஒரு ஊன்றுகோல், எப்போப்பா ஊன்றுகோல் வாங்கினீங்க என்றாய்.

அப்போதுதான் உறைத்தது. ஆயுசு முழுக்க டெலிபோன் லைன்மேன் வேலை பார்த்தவன் நான், ஒரு வீட்டு லைன் இன்னொரு வீட்டில் மணியடித்தால் கம்பத்தில் ஏறிப் பிரித்துவிட்டவன். என் மேஜையில், என் டீத் தட்டுக்குப் பக்கத்தில் லைன் மாறிப் போயிருக்கிறது, கேமராக்காரர் உன் கேமராவை மேல்வீட்டில் மாட்டிவிட்டு அவள் கேமராவை எனக்கு மாட்டியிருக்கிறார். உன்னை லைனில் வைத்துக்கொண்டே படியேறினேன். காவலாளியிடம் மாற்றுச் சாவி இருந்தது, அவர்தான் திறந்தார். நாற்காலியில் அவரையும் பக்கத்தில் என்னையும் நீ அந்தப் படத்தில் பார்த்தாய். நான் அவர் தோளைத் தொட்டதையும் பார்த்தாய். அப்புறம்தான் நீ போனை வைத்தாய். கீழே இருக்கிற கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்து, காலையிலேயே உயிர் போயிருக்கும், ஒரு நொடியில போயிருக்கும், பக்கத்துல ஆள் இருந்தாலும் ஒண்ணும் செய்திருக்க முடியாது என்றார். இரண்டாம் தடவையும் கேட்டேன், அதையேதான் சொன்னார். நீ அதை மனதில் எழுதி வைத்துக்கொள். காலையில் நீ பார்த்துவிட்டு அப்பா கண்ணயர்ந்திருக்கிறார் என்று வேலைக்குப் போனாயே, அதற்காக உன்னை நீயே தின்னாதே. அவரை யாரோ பெற்ற பிள்ளை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான், அநாதையாகப் போகவில்லை, நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் மகளுக்கு நான்தான் போன் செய்தேன். விஷயத்தை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவள் பதறவே இல்லை. அங்கிள், நீங்க யாரையோ மாத்திச் சொல்றீங்க, அப்பா நல்லா இருக்கார், இப்பதான் பையோட வெளியே போயிட்டு வந்தார், கேமராவைப் பார்த்து எனக்குக் கையாட்டினாரே, நானும் ஆட்டினேன் என்றாள். உனக்காக ஆட்டின கை, தம்பி. அப்பா இதுவரைக்கும் ஒரு தடவைகூட திரும்பிக் கையாட்டினதில்ல அங்கிள், இன்னிக்குத்தான் ஆட்டினார் என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அது நான்தாம்மா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ லைன் அறுத்திருக்கிறேன், அப்படி ஒரு லைனை அறுத்ததில்லை. வெளிக்கதவைத் திறந்தால் பின்னால் அடிக்கிற வெளிச்சத்தில் முகம் கறுப்பாகத்தான் தெரியுமாம், ஒரே மாதிரி ஹால், ஒரே மாதிரி கதவு, ஒரே மொட்டைத் தலை, வேலைக்கு நடுவில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பா நடக்கிறார் என்று நிம்மதியாக இருந்திருக்கிறாள். அவளை யார் குறை சொல்வது. நீயும் என் தலையை அடையாளம் கண்டுபிடிக்கவில்லையே. கோபமாகச் சொல்லவில்லை, மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் வந்தாள், செய்ய வேண்டியதைச் செய்தாள், வீட்டைப் பூட்டினாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து ஹாலில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் போனை எடுத்து அதில் தன்னையே பார்த்தாள். இந்த வீட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேனா என்று கேட்டாள். அப்புறம்தான் கேட்டாள், அங்கிள், இதைக் கொஞ்ச நாளைக்கு மாத்தாம விட்டுடறீங்களா, நீங்க எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா நடமாடிக்கிட்டிருந்தா போதும் என்று. நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீ சொல்லு. இதற்குத்தான் நீ போனில் கத்தினாய், அது சரியில்லப்பா, கேமராக்காரரை அனுப்பி மாத்தச் சொல்றேன் என்று. சரியில்லைதான், எனக்கும் தெரியும். ஹாலில் நடக்கும்போது நான் யாராக நடக்கிறேன் என்று எனக்கே தடுமாற்றமாக இருக்கிறது. செத்துப்போன ஒரு மனுஷனின் நடையை நடந்துகொண்டிருக்கிறேன். என்னை அறியாமல் மெதுவாக நடக்கிறேன், சுவரைப் பிடிக்கிறேன், நேற்று நாற்காலியிலிருந்து எழும்போது ஆ என்று அவரைப் போலவே ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டால், ஆமாம், இருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் உன்னைப் பற்றித்தான். நீ இன்னும் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கிறாய் என்று மருமகள் சொன்னாள். சாப்பிடும்போதும் பார்க்கிறாயாம், குழந்தை கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லையாம். பூட்டிய வீட்டில் ஒரு காலி நாற்காலி, அதில் உனக்கு என்னப்பா இருக்கிறது. அங்கே நான் உட்கார்ந்திருப்பதாகவே உன் மனசு இன்னும் நினைக்கிறது, நான் செத்ததை நீ ஒரு தடவை பார்த்துவிட்டாய், அது உன் கண்ணைவிட்டுப் போகவில்லை. கேமராக்காரர் வந்து லைனை மாற்றினால் அது சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். ஆகாது. மறுபடியும் ஒரு மொட்டைத் தலையைப் பார்ப்பாய், அது அசைகிறதா என்று பார்ப்பாய், அசையாவிட்டால் உயிரை விடுவாய். அந்தப் பெண்ணுக்குப் படத்தை விட்டால் வேறு கதி இல்லை, அவளிடம் அது இருக்கட்டும். உன் அப்பனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவில் மணி இருக்கிறது. என்னைப் பார்க்க வேண்டும் என்றால் வந்து பார்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடு, எடுத்துவிட்டு லீவு கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா