ஆணி மட்டும் மிஞ்சிய சுவர்

1939 மார்ச் 14, செவ்வாய்
வெள்ளவத்தை

கொட்டாஞ்சேனையில் தங்கச்சி கமலத்தின் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. போன வருடம் அவள் சேர்ந்த அந்தச் சபை வீட்டையே துடைத்துவிட்டது. பூப்போட்ட திரைகள் இல்லை. சுவரில் ஒரு படம் இல்லை. புருஷன் உள்ளே தியானத்தில் இருக்கிறார்; இவள் முரட்டு வெள்ளைச் சேலையோடு, காதில் தோடில்லாமல், விதவை மாதிரி நிற்கிறாள்.

காய்ச்சலில் செத்துப்போன அவளுடைய மகன் ராசனின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

“பிள்ளையின்ர படம் எங்கையடி?”

“சபைப் பெரியவர் கேட்டவர், குடுத்திட்டன். உருவம் வைச்சிருந்தா மனசு சபையில நிக்காதாம். எல்லாற்ற படங்களையும் முற்றத்தில போட்டு எரிச்சவை.”

“நீ பார்த்துக்கொண்டு நிண்டனியோ?”

“ஓம் அக்கா. எல்லாரும் பாடினவை. நானும் பாடினனான்.”

அந்தப் பெரியவர் என்கிற மனிதன் முன்னால் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இல்லாததால் அவளைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். நான் படி இறங்கும்போது பின்னால் வந்து கையைப் பிடித்தாள். புருஷனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

“அக்கா, உங்களிட்ட அவன்ர படம் ஏதும் கிடக்கோ?”

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதைத் தேடுவது? அந்தப் பிள்ளைக்கு எடுத்ததே அந்த ஒரு படம்தான்.