அப்பா சொன்னதும் நான் சொன்னதும்

மார்ச் 3

ஆறு நாள் விடுப்பு கிடைத்துவிட்டது. நீதிமன்றத்தில் எனக்குப் பதில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் உட்காருவார். அம்மா என் தங்கையின் பிரசவத்துக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "உங்கப்பாவ எங்கியாவது கூட்டிட்டுப் போ. வேலைய விட்டு மூணு மாசமாச்சு, வீட்ல ஒரு கதவு பாக்கியில்லாம கழட்டி எண்ணெய் போட்டுட்டார்."

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் சுற்றுலா என்று போனதில்லை. வெளிநாடு, கடற்கரை விடுதி என்று சொன்னதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க நான் என்ன பண்ணணும்?"

ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா, அதுக்குத்தான் போறோம் என்றேன். நம்பவில்லை.

மார்ச் 9

வந்து சேர்ந்தோம். அறை ஐந்தாம் மாடியில். பால்கனியில் நின்றால் கடல் மட்டும்தான்.

லிஃப்டில் ஏறியதும் அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இது சரியில்ல" என்றார். பெட்டியைத் தூக்கி வந்த பணியாளர், ஐயா என்ன சொல்கிறார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்; அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான். கடல் அழகாக இருக்கிறதாம் என்றேன். நாலு பக்கமும் தகரம், இதில் கடல் எங்கே தெரிந்தது? அவர் சிரித்து வைத்தார்.

அதற்கப்புறம் அப்பா படியில்தான் ஏறி இறங்குகிறார். முழங்கால் வலியோடு, ஐந்து மாடி. பிடிவாதம்.

மார்ச் 10

ஷூவும் சாக்ஸுமாக மணலில் நடந்தார். சாய்வு நாற்காலியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மதியத்துக்குள் கொஞ்சம் இளகினார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலையில் கால் நனைத்தார். அந்தக் கால் அவ்வளவு வெளுப்பு. "லிஃப்ட் குழிக்குள்ளயே கெடந்த காலு" என்றார். இருவரும் சிரித்தோம். நல்ல நேரம் அது.

எங்கள் எதிர் அறையில் ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், எப்போதும் மஞ்சள் தொப்பி. தனியாக வந்திருக்கிறார். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தார். பொறியாளர் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யார் கேட்டார்கள் பொறியாளரை?

"என்ன கேக்கறாங்க?" என்றார் அப்பா.

சாப்பாடு பிடிச்சிருக்கான்னு கேக்கறாங்கப்பா.

மார்ச் 11

காலையில் அப்பாவைக் காணோம். கீழே லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அரை மணி நேரமாக நிற்கிறாராம். குளிக்கப் போகிறவர்கள் துண்டோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மேலாளர்கிட்ட சொல்லு. தளத்தோட சரியா நிக்கல, ரெண்டு விரல் தள்ளி நிக்குது. வந்த அன்னிக்கு ஒரு விரல்தான். பிரேக் தேஞ்சிருக்கு. கதவு தெறந்திருக்கறப்பவே தானா நகரும். ஆள் வந்து பாக்கற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லு."

மேலாளர் இளைஞர், வெள்ளைச் சட்டை, நல்ல பல். அவரிடம் நான் சொன்னது: அப்பாவுக்கு லிஃப்டில் ஏறப் பயம், கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா?

அவர் அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார், குழந்தையைத் தேற்றுவது போல. உடனே அறை மாற்றித் தந்தார். அப்பா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "புரிஞ்சுக்கிட்டாரே, பரவால்ல. நல்ல மனுஷன்."

மார்ச் 12, காலை

"இன்னும் ஓடுதே. நிறுத்தலையா?"

இன்னிக்கு ஆள் வர்றாங்களாம்ப்பா.

மார்ச் 12, மாலை

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு அலறல். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், அப்பா அதற்குள் ஓடிவிட்டார். மஞ்சள் தொப்பி அம்மா கீழ்த்தளத்தில் வெளியே கால் வைக்கும்போது லிஃப்ட் மேலே நகர்ந்திருக்கிறது. வாசலில் விழுந்து கிடந்தார். ஒரு கால் லிஃப்டுக்கு அடியில் தெரிந்த இடுக்கில் போயிருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் பட்டனை அழுத்தக் கையை நீட்டினார்.

"தொடாதே" என்று அப்பா கத்தினார். ஒருவருக்கும் புரியவில்லை. "சொல்லும்மா, சொல்லு."

சொன்னேன். யாரும் பட்டனைத் தொடாதீர்கள். இழுக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னேன். அப்பா தரையில் படுத்து, இடுக்குக்குள் கையை விட்டு, அந்தக் காலை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார்.

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. கால் பிழைத்துவிடும் என்றார்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அப்பா மேலாளர் பக்கம் திரும்பினார். "நேத்தே சொன்னேனேன்னு கேளு."

கேட்டேன். அப்படியே கேட்டேன்.

மேலாளர் என்னைத்தான் பார்த்தார். "நேத்து நீங்க சொன்னது இது இல்லையே."

"என்ன சொல்றார்?"

நீதிமன்றத்தில் பத்து வருடமாக நான் செய்கிற வேலை இதுதான். இந்த ஒரு வாக்கியத்தை அப்பாவுக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நான் சொல்லலப்பா. லிஃப்டப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

"பின்ன என்னத்தச் சொன்ன?"

"உங்களுக்கு ஏறப் பயம்னு."

கையைத் திருப்பிப் பார்த்தார். கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பயந்தான். முப்பத்தாறு வருஷமும் பயந்து பயந்துதான் வேல பாத்தேன். அத நீ வெக்கப்பட்டுச் சொல்லியிருக்க."

எழுந்து கை கழுவப் போனார்.

மார்ச் 13

விசாரணை அதிகாரி வந்தார். எட்டு மாதமாகப் பராமரிப்பு ஆளே வரவில்லையாம். குற்றம் விடுதிக்காரர்களுடையது, நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலாளர்கூட என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முன்கூட்டி யாராவது எச்சரித்தார்களா என்று அதிகாரி கேட்டார். அப்பா எச்சரித்தார், நான் சொல்லாமல் விட்டேன் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்துவிட்டு அவர் என் தொழில் என்னவென்று கேட்டார். அதையும் எழுதினேன்.

மார்ச் 14

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா வாசலிலேயே நின்றார். விமானத்தில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

ஏப்ரல் 2

நடந்ததை எழுதி நீதிமன்றத்துக்கு நானே கடிதம் கொடுத்தேன். மூன்று மாதம் சாட்சி விசாரணைக்கு என்னை அனுப்ப மாட்டார்கள். காகித வேலை மட்டும்.

மே 6

லிஃப்ட் விபத்து விசாரணையில் அப்பாவின் சாட்சியம் இன்று, வீடியோவில். யார் மொழிபெயர்ப்பார் என்று போன வாரம் கேட்டிருந்தார்கள். என் பெயரைக் கொடுக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்க வாயெடுத்தேன்.

"வேற ஆள் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ பக்கத்துல இருந்தா, நான் சொல்றது போய்ச் சேருதா சேருதான்னு உம் மொகத்தையே பாத்துட்டிருப்பேன்."

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். அறைக் கதவை அவரே சாத்திக்கொண்டார். நான் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

பிரேக் எப்படித் தேயும், உள்ளங்கைக்கு அது எப்படித் தெரியும், லிஃப்ட் இருக்கும் கட்டிடத்தில் முதலில் எந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் — நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அந்த இன்னொரு குரல், ஒன்றும் விடாமல். ஒன்றே கால் மணி நேரம்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. அவர் தன் வேலையைப் பற்றிப் பேசி நான் முழுதாகக் கேட்டது இன்றுதான்.