வாளியில் கொட்டிய பச்சைச் சம்பல்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
18.02.2025

அன்பு மகள் தயாளினிக்கு,

நீயும் எமிலியோவும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இப்போது சுகம். இப்போது என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் பயப்படாதே, முழுவதையும் வாசி. நினைத்த நேரம் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் உன் முகம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஏலாது. பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அன்ரியின் மகன் கோகுலன் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். பொங்கலுக்கு நீ போன் எடுத்தபோது அம்மா தடிமன், மூக்கடைப்பு என்று படுத்திருக்கிறா என்று சொன்னேன். தடிமன் இல்லை பிள்ளை, டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், நல்லாகப் பார்த்தார்கள், காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டா. உனக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மறைத்தேன், அது பிழைதான். காய்ச்சல் போன பிறகு வந்தது வேறு துன்பம். வாயெல்லாம் கசப்பு, சோற்றின் மணம் பட்டாலே சத்தி. கஞ்சி வைத்தேன், இடியப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன், இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. காலபோக நெல் வெட்டு நடக்கிற நேரம், வயலுக்கு மெஷின் வருகிறது, நான் வரம்புக்கும் குசினிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் அம்மாவின் காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஒருநாள் காலை, என்னதான் சாப்பிடுவாய் சொல்லு என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னா, "மருமகன் இடிச்ச அந்தப் பச்சைச் சம்பல் எண்டால் ஒரு கரண்டி திண்பன்."

அதைக் கேட்டதும் என் நெஞ்சு பட்ட பாடு அம்மாவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் போன ஆவணியில் வந்து நின்றபோது கடைசி ஞாயிற்றுக்கிழமை என் அக்காவையும் வீரகத்தி அத்தானையும் பிள்ளைகளோடு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். எமிலியோ முதல்நாள் வவுனியாச் சந்தையில் பட்டர் புரூட் ஆறு வாங்கி வந்திருந்தார். குசினி மூலையில் கிடந்த சின்னக் கல்லுரலைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மெக்சிக்கோவில் தங்கள் வீட்டிலும் இப்படிக் கல்லில்தான் இடிப்பார்கள் என்று நீதான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாய். வியர்க்க வியர்க்க நின்று வெங்காயமும் பச்சை மிளகாயும் இடித்து, பழத்தைப் போட்டு, தேசிக்காயைப் பிழிந்து புளி விட்டு, அம்மாவுக்கு ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுத்தார். குவாக்கமோலே என்று பெயர் சொன்னார், அம்மாதான் அதற்குப் பச்சைச் சம்பல் என்று பெயர் வைத்தா. பிறகு நீ சோடா வாங்கச் சந்திக்குப் போனாய், அம்மா பின்னால் மீன் பொரித்துக்கொண்டு நின்றா. எமிலியோ கோப்பையைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துவிட்டு ஏதோ சொல்லப் போகிறவர் போல நின்றார். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன மச்சான், சாணியைக் கரைச்சு வச்சிருக்கினமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் எதைச் சொன்னேன் தெரியுமா? "இது மாட்டுக்குத்தான் சரி" என்று சொல்லி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கிடந்த மாட்டு வாளியில் அப்படியே கொட்டினேன். மாடு மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பியது, அதற்கும் சிரித்தோம். எனக்கு அத்தானுக்கு முன்னால் பெரிய ஆளாக நிற்க வேண்டும். பிறநாட்டு மருமகனை எடுத்துவிட்டுத் தலை குனிந்து திரிகிறேன் என்று அவர் நினைக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

எமிலியோ வாசலுக்கு வந்தார். என் கையில் இருந்த வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினார். நீ வந்து கோப்பையைக் கண்டுவிட்டு, "பாத்தீங்களோ அப்பா, எல்லாரும் வழிச்சுத் திண்டிட்டினம்" என்று துள்ளினாய். நான் சிரித்தேன் பிள்ளை. அவருக்குத் தமிழ் விளங்காதுதானே, சாப்பாடு பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்திருப்பார், போகட்டும் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

இப்போது அம்மா அதைக் கேட்கிறா. கிளிநொச்சிச் சந்தையில் தேடி ஆறு பழம் வாங்கினேன். அன்றைக்கே ஒன்றை வெட்டினேன், கல்லுப்போல இருந்தது, இடித்தால் கட்டி கட்டியாக நின்றது, இளகட்டும் என்று தேங்காய்ப்பால் விட்டேன், வாயில் வைத்தால் ஒரே கயர்ப்பு. அம்மா நாக்கில் தொட்டுவிட்டு, "இது அது இல்லை" என்று மற்றப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. அடுத்த நாள் காலை ஆறரைக்கு, உனக்கு அங்கே பின்னேர வேலை என்று கணக்குப் பார்த்து, எமிலியோவின் நம்பருக்கு எடுத்தேன். அவரோடு நான் தனியாகக் கதைத்ததே இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் "மாமி சிக்" என்று தொடங்கி, பழத்தை எடுத்துப் போனுக்கு முன்னால் காட்டினேன். அவர் பழத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார், தமிழில் சொன்னார், எங்களுடைய தமிழில்: "மாமா, மாமிக்கு எண்டால் உப்புக் குறையப் போடுங்கோ. மாட்டுக்கு எண்டால் உப்பு வேண்டாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்கு உங்களுக்கு விளங்கியதோ தம்பி என்று கேட்டேன். "ஓம் மாமா. எல்லாம் விளங்கினது" என்றார். வேலை இடத்தில் தன்னோடு லிப்ட் பூட்டுகிற யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவனிடம், உனக்குத் தெரியாமல், ஒரு வருஷமாகத் தமிழ் படித்தாராம். அந்தச் சாப்பாட்டு மேசையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பேசி உன்னை அதிசயப்படுத்த வேண்டும் என்று பாடமாக்கி வைத்திருந்தாராம். என்ன பேச இருந்தீர்கள் என்று கேட்டேன். வெட்கப்பட்டார். நான் விடவில்லை. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சொன்னார், "இது என்ர அம்மா செய்யிற சாப்பாடு. அம்மா இப்ப இல்லை. உங்கட வீட்டுக் கல்லில இடிச்சனான். சாப்பிடுங்கோ, எனக்குச் சந்தோசம்." அவ்வளவுதான் மகள். அந்த நாலு வசனத்தையும் சொல்லவிடாமல்தான் உன் அப்பா கோப்பையைத் தூக்கினவன். இதை ஏன் தயாளினிக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் அவா உங்களோட கதைக்க மாட்டா. அவாவுக்கு அப்பா ஒருத்தர்தானே" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கோ என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குள் அவர் பழத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிவிட்டார், நானும் அதைச் சாட்டாக எடுத்துக்கொண்டு திருப்பிக் காட்டினேன்.

அம்மாவின் வருத்தத்தை நானே உனக்கு எழுதும் வரை சொல்ல வேண்டாம் என்றும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னபடி பழங்களை ஒரு வாழைப்பழத்தோடு பேப்பரில் சுற்றி அரிசி வாளிக்குள் மூன்று நாள் வைத்தேன். காம்படியில் அமத்திப் பார்த்து, விரல் மெல்லப் பதிந்த பிறகுதான் வெட்டினேன். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் வெங்காயமும் உப்பும், அம்மாவுக்காக மிளகாயில் விதை எடுத்துப் பாதி, அது தண்ணீர் விட்ட பிறகு பழம். நான் பழக்கதோஷத்தில் பசையாக அரைக்கத் தொடங்க, "காணும் மாமா, காணும், கொஞ்சம் கட்டி இருக்க வேணும்" என்று மறித்தார். விமலேஸ்வரி அன்ரியின் வளவில் பிடுங்கிய கொத்தமல்லி இலை, கடைசியில் தேசிக்காய்ப்புளி. வைத்திருந்தால் கறுத்துவிடும், உடனே கொண்டுபோய்க் கொடுங்கோ என்றார். அம்மா முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தா. பிறகு கோப்பையைத் தன் மடிக்கு இழுத்தா. ஒரு துண்டுப் பாணோடு முழுவதையும் சாப்பிட்டா, சத்தி வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இடித்துக் கொடுத்தேன், ஐந்தாம் நாள் கொஞ்சம் சோறும் கேட்டா.

அன்றைக்குத்தான் அம்மா என்னைப் பார்த்து, நீங்கள் ஒரு வாய்கூடத் தின்று பார்க்கவில்லையே என்றா. என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குச் சொல்லி என்ன? பிள்ளை அந்த மனுசனோட முகம் குடுத்துக் கதைக்காமல் இருக்கிறாள், அவளுக்குச் சொல்லுங்கோ" என்றா. அதுதான் உண்மை. வருகிற அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எமிலியோ வரமாட்டாராம், லீவு இல்லை என்று சாட்டுச் சொல்கிறாராம், எங்கள் ஊரும் ஆட்களும் அவருக்குப் பிடிக்கவில்லையாம் என்று பொங்கலன்று நீ அழுதபோது, நான் அவரவர் சுபாவம் பிள்ளை என்று ஆறுதல் சொன்னேன். காரணம் நானாக இருக்கலாம் என்று உள்ளுக்குள் தெரிந்தும் அப்படிச் சொன்னேன். வாளியில் கொட்டியதைவிட இதுதான் என்னைக் கூடுதலாகத் தின்கிறது. ஒன்றரை வருஷம் உங்கள் கலியாணத்துக்கு மறுத்து உன்னை அழவைத்தவன், பிறகும் உன் வீட்டுக்குள் ஒரு பிரிவினை கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என் மரியாதையைக் காப்பாற்றினேன். அவர்மீது ஒரு பிழையும் இல்லை மகள். கோபிக்க வேண்டுமென்றால் என்னைக் கோபி, நாலு நாள் கதைக்காமல் இரு, அதற்கு நான் தகுந்தவன்தான்.

மற்றும்படி வெட்டு முடிந்தது, நெல் பரவாயில்லை. அம்மாவுக்கு அடுத்த மாதம் மூன்றாம் திகதி கிளினிக், கூட்டிக்கொண்டு போவேன், இனி எதையும் மறைக்க மாட்டேன். நீ பனிக்குள் அவசரப்பட்டு நடக்காதே, வேலையால் வந்து வெறும் தேத்தண்ணியோடு படுக்காதே. வற்றாப்பளை அம்மன் உங்கள் இருவரையும் ஒற்றுமையாக வைத்திருக்க வேண்டும், அதைத்தான் அம்மாவும் கேட்கிறா. ஞாயிற்றுக்கிழமை காலை நான் எடுப்பேன், போனை முதலில் அவரிடம் கொடு, தொண்டையில் நின்ற சொல்லை நான் என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முதல், அவரைப் பக்கத்தில் இருத்தி இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டு. வாசிக்க வெட்கமாக வரும் இடங்களைத் தாண்டிப் போகாதே, எழுதும்போது நான் தாண்டவில்லை.

என்றும் உங்கள் நலம் நாடும்
அப்பா,
பரமலிங்கம்