முதலில் வந்த எண்

மார்ச் 4
சோதனைப் புட்டி வந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை ஒரே தண்ணீரை எங்களுடையது உட்படப் பன்னிரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, ஈயம் எவ்வளவு என்று கேட்பார்கள். பெரும்பாலோர் சொல்வதுதான் சரியான விடை. விலகியவர்களுக்குச் சிவப்பு வட்டம்.
எனக்கு லிட்டருக்குப் பதினான்கு மைக்ரோகிராம்.

மார்ச் 5
மறுபடி பதினான்கு.
மேலாளர் தன் கைபேசியை நீட்டினார். ஆய்வகத் தலைவர்களின் வாட்ஸ்அப் குழு. பன்னிரண்டில் பெரிய ஆய்வகத்தின் இயக்குநர் காலையிலேயே “எங்களுக்கு ஒன்பது” என்று போட்டிருக்கிறார். கீழே வரிசையாக ஒன்பது, ஒன்பதரை, ஒன்பது, கட்டைவிரல்.
“அவருக்கே ஒன்பதுன்னா நம்ம மெஷின்லதாம்மா கோளாறு. திரும்பப் போடுங்க.”
“எத்தனை தடவை சார்?”
“ஒன்பது வர்ற வரைக்கும்.”
அவரே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 6
பதினான்கு. போதுமா?

மார்ச் 8
வீட்டில் இவர், “பதினோரு பேரும் தப்பு, நீ மட்டும் ரைட்டா?” என்றார். “ஆமா” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பயம் இருக்கிறது. வட்டம் விழுந்தால் ஈயச் சோதனையை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள்.
ஆனால் பத்தைத் தாண்டினால் அது குடிக்கக் கூடாத தண்ணீர். நாளைக்கு ஒரு தெருக்குழாயில் பதினான்கு வந்தால், அதையும் பேசிப் பேசி ஒன்பதாக்குவோமா? என்னால முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 9
பதினான்கு என்றே அனுப்பினேன்.

மார்ச் 20
சிவப்பு வட்டம். ஈயம் பக்கத்து மேசைக்குப் போயிற்று. எனக்கு இனி உப்புச் சோதனையும் கலங்கல் சோதனையும்தான். சரி.

மார்ச் 21
என்ன சரி? அவர்களிடம் மட்டும்தான் போன் இருக்கிறதா?
தலைவர்களை விட்டுவிட்டு, மற்ற ஆய்வகங்களில் என்னைப்போல் கருவி முன்னால் உட்காருகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரே கேள்விதான் — முதல் தடவை என்ன வந்தது?
மூன்றாவதாகப் பேசிய பெண் தயங்கினாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. பதிமூணரை. சார் திட்டினார். அஞ்சாவது தடவை பத்து வந்துச்சு, அதோட நிறுத்திட்டேன்.”
“சொல்லத்தான் போறேன். நீயும் சொல்லணும்.”

ஏப்ரல் 2
என்னோடு சேர்த்து ஏழு பேர். ஏழு பேருக்கும் முதலில் வந்த எண் பதின்மூன்றுக்கு மேல். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு, சோதனை நடத்துகிறவர்களுக்கு அனுப்பினோம். அந்தப் பெண்தான் கடைசியாகப் போட்டாள்.

ஏப்ரல் 30
விசாரித்ததில் தெரிந்தது: பெரிய ஆய்வகத்தில், ஈயத்தைக் கரைத்து வைக்கும் அமிலத்தைச் சேர்க்காமலே தண்ணீரை ஊற்றி எடுத்திருக்கிறார்கள். ஈயம் புட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வட்டத்தை எடுத்துவிட்டார்கள். என் மேசையும் திரும்பி வந்தது.
சந்தோஷம்தான். ஆனால் நான் தனியாகச் சொன்னபோதும் இதே பதினான்குதானே? அந்தக் கோபம் போகவில்லை.

மார்ச் 3
இந்த ஆண்டின் புட்டி வந்தது. மூடியைத் திறக்கவில்லை, அதற்குள் நான்கு போன். நான்காவது, அதே பெண்.
“அக்கா, உங்களுக்கு என்ன வந்துச்சு? சொல்லிட்டீங்கன்னா நாங்களும் அதையே போட்டுடுவோம்.”
“நீ பாத்து எழுது. நான் சொல்ல மாட்டேன்.”
கைபேசியை அணைத்துவிட்டேன். எனக்கு என்ன வரப்போகிறது என்று எனக்கே இன்னும் தெரியாது.