ஒருநாள் விட்டு ஒருநாள்

கத்தானியா
9 பெப்ரவரி 2025

அன்புள்ள டிலக்ஷிக்கு,

போனிலை கதைச்சா வீட்டிலை எல்லாருக்கும் கேக்கும். அதுதான் எழுதுறன். போன கிழமை ரத்தம் பாத்தவை. எச்.ஐ.வி. கிருமி இப்ப மெசினுக்கே தெரியேல்லையாம். ஹெப்பரைற்றிஸ் பி-யும் நல்லா இறங்கிட்டுதாம். ஒரு குளிசை எப்பிடி ரெண்டையும் பிடிக்குது எண்டு இங்கத்தை டாக்குத்தர் அம்மா, டொத்தொரேசாவைக் கேட்டன். ரெண்டு கிருமியும் பெருகிற விதத்திலை ஒரு இடம் ஒண்டுபோலையாம். மருந்து அங்கைதான் மறிக்குதாம். நாங்கள் பலெர்மோவிலை ஒரே நாளிலைதானே இந்தக் குளிசையைத் தொடங்கினனாங்கள். உனக்கு எப்பிடி?

அன்புடன்,
செலஸ்ரீனா அக்கா

சீசா, பலெர்மோ
2 மார்ச்

அன்புள்ள அக்கா,

எனக்கு ரெண்டும் முதல் இறங்கினது, இப்ப ஏறுது. "தவறாமல் குடிக்கிறியா?" எண்டு இங்கத்தை டொத்தொரேசா கேட்டா. ஓம் எண்டன். ஏனெண்டு அவவுக்கும் விளங்கேல்லை.

இவர், சுதாகரன், இத்தாலியிலை இருக்கிற permesso விசா முடிஞ்சதிலையிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போறேல்லை. எண்டாலும் முந்தியைவிடத் தேறியிட்டார். நேற்று கபோ சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்தவர்.

உங்கடை,
டிலக்ஷி

கத்தானியா
14 மார்ச்

டிலக்ஷி,

ஒண்டு கேப்பன், கோபிக்காதை. உன்ரை மனுசனுக்கும் இதே ரெண்டு வருத்தம்தானே. ஆஸ்பத்திரிக்குப் போகாத ஆள் எப்பிடித் தேறினவர்? மருந்து குடிக்கிற நீ ஏன் தேறேல்லை? உன்ரை குளிசையைப் பங்கு போடுறியோ?

அப்பிடியெண்டா கிருமி மருந்துக்குப் பழகியிடும். பிறகு ரெண்டு பேருக்கும் வேலை செய்யாது. Permesso இல்லாத ஆக்களுக்கும் ஆஸ்பத்திரியிலை மருந்து எடுக்க ஒரு காட், அட்டை மாதிரி, குடுப்பினம். Questura பொலிசுக்குச் சொல்ல மாட்டினம். நானே ரெண்டு வருசம் அந்தக் காட் வைச்சுத்தான் மருந்து எடுத்தனான்.

அக்கா

சீசா, பலெர்மோ
20 ஜூலை

அன்புள்ள அக்கா,

நீங்கள் நினைச்சது சரி. ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவருக்கு. மார்ச் வரைக்கும் ஏழு மாசம்.

உங்கடை கடிதத்தை அவருக்கு வாசிச்சன். "வீட்டு விசயம் கத்தானியா வரைக்கும் போட்டுதோ?" எண்டு நாலு நாள் கோவமா இருந்தார். அஞ்சாம் நாள் காலமை சேட்டு மாட்டிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?" எண்டார்.

ஆரும் permesso கேக்கேல்லை. காட் குடுத்து, அவருக்கெண்டு தனிப் போத்தில் மருந்தும் குடுத்தவை. நான் பொய் சொன்னதை டொத்தொரேசாவிட்டைச் சொல்லி அழுதன். அவ ஏசேல்லை. கிருமி மருந்துக்குப் பழகியிட்டுதோ எண்டு பாக்க ரத்தம் அனுப்பினா. இல்லையாம்.

வெள்ளிக்கிழமை புது முடிவு வந்தது. எனக்கும் இப்ப எச்.ஐ.வி. தெரியேல்லை. ஹெப்பரைற்றிஸ் மெல்ல இறங்குது. அவருக்கு ஈரல் கொஞ்சம் பழுதாம், ஆனா ஹெப்பரைற்றிஸ் என்னைவிடக் கெதியா இறங்குது.

"ஒரே குளிசை, உன்ரையைவிட என்ரை ஏன் கெதி?" எண்டு பஸ்ஸிலை கேட்டார். தெரியாது எண்டன். அடுத்தமுறை தானே டொத்தொரேசாவைக் கேக்கப் போறாராம். அதுக்கு இப்ப இத்தாலியன் பாடமாக்கிறார்.

உங்கடை,
டிலக்ஷி