அந்த ரிசீவர் யாருடையது?

என் பிரியமுள்ள துரை மச்சானுக்கு,

செம்பூரில் உன் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பதறாதே, இது நல்ல செய்திதான். பில்டர் லிஃப்ட் வைத்துப் புதிதாகக் கட்டித் தருகிறானாம். அதுவரைக்கும் செல்வியும் உன் மகனும் முலுண்டில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பையனுக்கு ஐரோலி ஆபீஸ் பக்கம் என்பதால் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மழை வந்தால் நீ வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாயே, அந்த ஹால் மூலை இனி யாருக்கும் தொல்லை தராது.

நீ போனபிறகு உனக்கு எழுத உட்காருவது இதுதான் முதல் தடவை. தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிற எனக்குக் கடிதம் எழுத எங்கே வரும்? ஆனால் சமீபத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நீயும் சிரிப்பாய், நடுவில் ஓரிடத்தில் என்னைத் திட்டவும் செய்வாய்.

விஷயம் நம் ஏற்பாட்டைப் பற்றியது. உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டீரியோ சாமான்கள்மீது பைத்தியம் பிடித்த இரண்டு பேர் நாம். இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, இருவர் வீட்டிலும் காலை நீட்ட இடமில்லை. நீ ஒரு ஸ்பீக்கர் வாங்கினால் செல்வியிடம், "முத்துராஜோடது, அவன் வீட்ல ஜாகா இல்லியாம், கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்பாய். நான் ஒரு கேசட் டெக் வாங்கினால் மல்லிகாவிடம் அது துரையுடையது என்பேன். அந்தக் கொஞ்ச நாள் ஒருபோதும் முடிந்ததில்லை. செல்வி என்னைத் திட்டினாள், மல்லிகா உன்னைத் திட்டினாள். அவரவர் வீட்டில் நாம் இரண்டு பேரும் உத்தமர்கள்.

அப்படித்தான் அந்த ரிசீவரும் உன் வீட்டுக்குள் வந்தது. சோர் பஜாரில் வெள்ளிக்கிழமை விடியற்காலைச் சந்தையில், உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில் கிடந்தது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் அடங்கிய ஜப்பான் சாமான், வெள்ளி முகம், பக்கவாட்டில் மரம். நீ ஒன்றுமே கேட்காமல் குந்தி உட்கார்ந்து, ஸ்டேஷன் மாற்றும் சக்கரத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டாய். அது தன் கனத்திலேயே கடைசிவரைக்கும் ஓடி நின்றது. நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையைக் கவனித்தே கடைக்காரன் விலையை ஏற்றிவிட்டான். பேரம் பேசும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? டாக்ஸியில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் மாதிரி வெட்கத்தோடு வந்தாய்.

எதற்கு இந்த அலைச்சல் என்று எல்லாரும் நம்மைக் கேட்டார்கள். பாட்டு வேண்டுமென்றால் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. நமக்கு வேண்டியிருந்தது பாட்டு மட்டுமில்லையே. எழுந்து போக வேண்டும், விசையைத் தட்ட வேண்டும், உள்ளே எங்கோ "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். முகப்பில் நீல வெளிச்சம் ஏறி முள் ஒருமுறை துள்ள வேண்டும், சூடான தூசியின் வாசனை வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நீ சொன்னது நினைவிருக்கிறதா? "எவனோ ஒருத்தன், நம்ம காதுக்குன்னு இம்புட்டு இரும்பப் போட்டுச் செஞ்சிருக்காம் பாரு மாப்ள." அப்போது எனக்கு உன்மீது பாசமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. அந்த ரிசீவரை மாற்றிக்கொள்ளலாமா என்று பலமுறை கேட்டேன், பதிலுக்கு என் டெக்கையும் ஸ்பீக்கர் ஜோடியையும் தருவதாகச் சொன்னேன். நீ மசியவே இல்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். வீட்டைக் காலி பண்ணுகிற வாரம் செல்வி போன் செய்தாள். உங்கள் சாமான் எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கிறது, டெம்போ வருவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அவர் இருந்திருந்தால் அவரே கொண்டுவந்து கொடுத்திருப்பார் என்றாள். போனேன். ரிசீவரையும் அதன் ஸ்பீக்கர்களையும் பழைய சேலையில் சுற்றிக் கதவோரம் வைத்திருந்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது, மச்சான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், நீ இத்தனை வருடம் அவளிடம் பொய் சொன்னது வெளியே வரும். இறந்துபோன நண்பனின் பெயரை அவன் பெண்டாட்டி முன்னால் கெடுக்கலாமா? கூடாது என்று முடிவு செய்தேன். நண்பனுக்குக் காட்டுகிற விசுவாசம் இவ்வளவு லாபமாக இருக்கிறதே என்று டாக்ஸியில் வரும்போதே எனக்கு உறுத்தியது. ஆனாலும் ரிசீவர் என் மடியில் இருந்தது.

ஆண்டாப் ஹில்லில் என் வீட்டில் அதை வைத்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தை மறைக்க மாட்டேன். பட்டறையிலிருந்து நேரமே வந்துவிடுவேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நீல வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். தபேலாவில் விரல் படுகிற இடம்கூடத் தனியாகக் கேட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து, உன் பெயர் வரைக்கும் தேடிவிட்டுக் கீழே வைத்த நாளும் உண்டு. மல்லிகா மட்டும், "ஒருவழியா ஒங்க சாமான் ஒங்ககிட்டயே வந்துட்டு, இனியாவது செல்விக்கு எடம் கெடைக்கும்" என்றாள். நான் தலையாட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லிகா கூப்பிட்டு செல்வி சாப்பிட வந்தாள். நீ என்னை மச்சான், மாப்ள என்று கூப்பிட்டதாலேயே நான் அவளுக்கு அண்ணன் ஆனவன். இந்த ஊர் வழக்கத்துக்கு வருடம் தவறாமல் ராக்கியும் கட்டுவாள். வந்தவள் செருப்பைக் கழற்றியதும் நேராக ரிசீவர் பக்கம் போனாள். முகப்பைப் பார்க்காமலே, பேச்சு வாக்கில், விசையைத் தட்டிச் சக்கரத்தை உருட்டினாள். அவள் விரலுக்கு ஸ்டேஷன் இருக்கிற இடம் தெரிந்திருந்தது. எனக்கு அது இன்னும் பழகவில்லை.

மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரம் போட்டு வைக்காவிட்டால் உள்ளே ஈரம் ஏறிவிடும் என்று நீ சொல்லியிருந்தாயாம். முத்துராஜ் பொருள், கெட்டுப்போனால் நான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தாயாம். அதனால் நீ போனபிறகும் அவள் தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் இதையும் போட்டுவிட்டிருக்கிறாள். முதலில் சத்தமே இல்லாமல் வெறும் வெளிச்சத்துக்கு மட்டும். பிறகு லேசாகப் பாட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறாள். எனக்காக, மச்சான். என் பொருள் கெட்டுவிடக் கூடாதே என்று.

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதிய. இத ஒரு வாரம் எரவலாத் தருவியளா? புது வீட்ல சாயங்காலம் ஆனா என்னமோ மாதிரி இருக்கு. பையன் கொய்யாப்பழம் கணக்கா ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தந்தான், அதுல எனக்கு ஒட்டல. பத்தரமா திருப்பிக் குடுத்துருவேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினது போல் நின்றேன். தங்கச்சி வீட்டுக்கு அண்ணன் சீர் கொண்டுபோவது உலக வழக்கம். நான் அவள் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறேன், அவள் அதை என்னிடம் இரவல் கேட்கிறாள். உன் பெயரா, அவள் சாயங்காலமா என்று வந்தபோது உன் பெயரை விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

"இது ஒனக்குத்தான் சொந்தம் தங்கச்சி. தொரை வாங்குனது. என் பேரச் சொல்லி வச்சிருந்தான்" என்றேன். நம் ஏற்பாடு முழுவதையும் சொல்லி முடித்தேன்.

செல்வி என்னையே பார்த்தாள். "அவியளோடதா?" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பார், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். இத்தனை வருடம் இடத்தை அடைக்கிறது என்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதை எல்லாம் என்ன செய்வது என்றாள். அத்தனையும் துரைக்குச் சேர வேண்டியது, அங்கேயே அனுப்பிவிடு என்றேன். கண்ணில் வந்தது முழுக்கச் சிரிப்புத்தானா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குள் கரண்டியோடு மல்லிகா அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். அப்படியானால் நம் அலமாரி மேல் இருக்கிற துரை அண்ணன் சாமான்கள் யாருடையவை என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமே. "அடுத்தவுக சாமானாச்சேன்னு ஒரு கீறல் விழாமத் தொடச்சு வச்சேன். ஒங்களுதுன்னு தெரிஞ்சிருந்தா என்னைக்கோ பங்கார்ல போட்ருப்பேன்" என்றாள். பழைய இரும்புக்காரன் வராத நாளில் இது நடந்தது என் அதிர்ஷ்டம். ஆனால் யோசித்துப் பார், நம் ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்குமா? சொந்தப் பொருளென்றால் இந்த இரண்டு பெண்களும் இவ்வளவு பத்திரமாகப் பார்த்திருப்பார்களா?

மறுநாளே டெம்போ பிடித்தேன். முலுண்டில் அவர்கள் ஹால் ஜன்னல் பக்கம் ஸ்பீக்கர்களைத் தள்ளி வைத்து, வயர்களை நானே மாட்டினேன். செல்வி விளக்கேற்றிவிட்டு வந்து விசையைத் தட்டினாள். "டக்" என்றது. நீல வெளிச்சம் வந்தது. ஏதோ ஒரு பழைய இந்திப் பாட்டு, ஒரு பெண் குரல், மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. பையன் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான்.

செல்வி சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். இவ்வளவு வேண்டுமா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"இத்தன நாளும் ஒங்க பொருளுன்னு சத்தத்தக் கொறச்சே வச்சிருந்தேன் அண்ணே" என்றாள்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த ரிசீவர்மீது இனி என் கண் படாது. மழைக்காலத்துக்கு முன்னால் முலுண்டுக்குப் போய் மூடியைத் திறந்து தூசி தட்டி, செல்வி எவ்வளவு கூட்டினாலும் கரகரக்காமல் பாடும்படி வைத்துவிட்டு வருவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது சண்டைக்கு வந்தால், அவள் அண்ணன் நான் இருக்கிறேன்.

செல்விக்கு அண்ணனும் உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
முத்துராஜ்