சூசை செதுக்கிய திராட்சைக்கொடி

என் அருமைச் சூசை,

நீ கண்மூடிப் போன பிறகு இது இரண்டாவது தவக்காலம். உன் அண்ணன் போனபோதுகூட நான் இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

பகலெல்லாம் அம்பத்தூர் பவுண்டரியில் வார்ப்புக்கு மர அச்சு செய்துவிட்டு, மாலையில் கரையான்சாவடி வீட்டில் எனக்காக அந்த அச்சுக்கட்டையைச் செதுக்கினாய். தேக்கில் திராட்சைக்கொடி, நடுவே கோதுமைக்கதிர். சாயத்தில் தொட்டு, கோயில் பீடத்துணியின் ஓரம் முழுக்க ஒற்றுவதற்கு. கையில் கொடுக்கும்போதே சொன்னாய்: "அண்ணி, கொழந்த மாதிரி சோப்பு போட்டுக் குளிப்பாட்டிடாதீங்க. ஈரத்துணியால தொடச்சி, நெழல்ல வெச்சி, எண்ண தடவுங்க. அவ்ளோதான்."

நகத்தைக்கூடப் பரிசோதிக்கும் கான்வென்டில் வளர்ந்தவள் நான். இடுக்கில் சாயம் காய்ந்து கிடப்பதை எப்படிப் பொறுப்பேன்? முதல்முறை ஒற்றி முடித்ததுமே கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். மாலையில் பார்த்தால், கொடியின் குறுக்கே விரிசல்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லார் முன்னாலும் கட்டையை உன்னிடம் நீட்டினேன். "காயாத பச்ச மரத்தக் குடுத்திருக்கே சூசை. கோயில் காரியத்துலயுமா?"

நீ கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "சரிங்கண்ணி" என்று வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்தப் பெண்களில் ஒருத்திகூட உன்னிடம் கட்டை கேட்டு வரவில்லை. நான் சொன்னதை அன்று நானே நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

போன வாரம், கடையில் வாங்கிய புதுக் கட்டை ஒன்றை அதே மாதிரி கழுவினேன். அதே மாதிரி விரிசல் விட்டது. உன் மனைவி ஸ்டெல்லாவிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"இன்னாக்கா, கட்டைய ரசம் வெச்சீங்களா?"

பிறகு உள்ளே போய், உன் பழைய சட்டையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தாள். நம் திராட்சைக்கொடி. விரிசலைப் பசை போட்டு ஒட்டி, எண்ணெய் தடவி வைத்திருந்தாய்.

"அன்னிக்கே தெரியும்க்கா அவருக்கு. இடுக்குல சோப்பு வெள்ளவெள்ளயா ஒட்டிக்கினு இருந்துச்சு. ஏன்யா சொல்லலேன்னு கேட்டேன். அத்தினி பேர் முன்னால அண்ணி தல குனிஞ்சி நிக்கறத பாக்க முடியாதுன்ட்டாரு."

எனக்காக நீ குனிந்தாயா, சூசை? தனியாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா?

நேற்று உன் கட்டையாலேயே புதுப் பீடத்துணி முழுவதும் ஒற்றினேன். கொடி அழகாக விழுந்தது. விரிசல் இருந்த இடத்தில் மட்டும், ஒவ்வொரு ஒற்றலிலும் மெல்லிய வெள்ளைக்கோடு. அதை நிரப்பத் தூரிகையை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஈஸ்டர் அன்று அந்தத் துணி பீடத்தில் இருக்கும். இது என்ன கோடு என்று அந்தப் பெண்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், பூசை முடிந்ததும் அவர்களை நிறுத்தி நானே சொல்வேன்: மரம் நல்ல மரம், கெடுத்தவள் நான். இந்த முறை குனிவது என் தலையாக இருக்கட்டும்.

உன் பெயரைக் கெடுத்த, உன் அண்ணி,
பிலோமினா